அப்பாண்டை: ஒரு பெயரின் வரலாறு

தமிழ்ச் சமணர் குடும்பங்களின் பழைய நிலப் பத்திரங்களையும், மங்கிப்போன திருமண அழைப்பிதழ்களையும், ஜினாலயத் திருப்பணிக்குப் பொருள் உதவியோர் வரிசையையும் பார்வையிடுவோர்க்கு ஒரு பெயர் அடிக்கடி கண்ணிற்படும். அப்பாண்டை நயினார் என்றோ, அப்பாண்டைநாதன் என்றோ, அப்பாண்டைராஜன் என்றோ அது எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டின் பிற சமூகத்தாரிடம் இப்பெயரைக் காண்பது அரிது. வடநாட்டுச் சமணர்க்கோ இது முற்றிலும் புதிய ஒலி. ஒரே ஒரு குன்றில் பிறந்து, அக்குன்றைத் தொழுத குடும்பங்கள் சென்ற ஊர்தோறும் சென்ற பெயர் இது. இன்று தொட்டிலிடும் குழந்தைகளுக்கு இதனைச் சூட்டுவோர் மிகச் சிலரே. இப்பெயர் எங்குத் தோன்றியது, என்ன பொருள் உடையது, ஏன் பின்தங்கியது என்பவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

அக்குன்று திருநறுங்கொண்டை. திருநறுங்குன்றம் என்பதும் அதன் பெயரே. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்து, 1993-இல் விழுப்புரம் மாவட்டத்துக்கும் 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கும் உரியதாயிற்று. ரிஷிவந்தியத்துக்குக் கிழக்கே, உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில் அது அமைந்துள்ளது. ரிஷிவந்தியம் என்னும் ஊர்ப்பெயரும் ஆராயத்தக்கதே. ரிஷிகளால் வந்திக்கப்பெற்றது என்பது அதன் பொருள். ரகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது என்னும் விதிப்படி எழுதினால் அது 'இருடிவந்தியம்' என்றாகும். இருடி என்னும் சொல் சமண நூல்களில் துறவியர்க்குப் பெருக வழங்குவதால் அவ்வூரையும் சமணத்தோடு இணைத்துவிட ஆர்வம் எழலாம். அது பொருந்தாது. அர்த்தநாரீசுவரர் திருக்கோயிலால் புகழ்பெற்ற சைவத் தலம் அது. அவ்வூர்ப் பெயர் அம்மரபுக்கே உரியது. சமணத்தின் தொன்மைக்குச் சான்று தேட இவ்வட்டாரத்தில் வேறு இடங்கள் உள்ளன. ரிஷிவந்தியத்துக்கு வடக்கே, தென்பெண்ணையை ஒட்டிய ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி துறவியர்க்கு உறைவிடம் ஈந்த செய்தியைக் கூறுகிறது. 'பாளி' என அதில் வரும் சொல்லே பிற்காலப் 'பள்ளி' என்பர். ஈந்தவன் பெயரோ குடிப்பெயரும் சிறப்புப்பெயரும் இயற்பெயருமாக நிற்கின்றது. பெயரை இவ்வாறு அடுக்கி வழங்கும் முறை இம்மண்ணுக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது.

திருநறுங்கொண்டை மலைமேல் பார்சுவநாதருக்கும் சந்திரநாதருக்கும் ஆலயங்கள் உள்ளன. பார்சுவநாதர் பாறையிலேயே செதுக்கப்பெற்று, நின்ற திருக்கோலத்தில், தலைக்குமேல் அரவுக் குடை விரிய விளங்குகிறார். சோழர் காலத்தில் இப்பள்ளி நாற்பத்தெண்ணாயிரப் பெரும்பள்ளி என வழங்கியது. சூடாமணி நிகண்டு இயற்றிய மண்டல புருடருக்கு ஆசிரியராக விளங்கிய குணபத்திரர் இத்தலத்தவர். அந்நிகண்டு தேவப்பெயர்த் தொகுதியில் தொடங்குகிறது. திண்ணைப் பள்ளிகளில் எச்சமயத்துப் பிள்ளைகளும் அதனை மனப்பாடம் செய்தனர். தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறையாகப் பெயர்களைக் கற்றுக்கொண்ட நூலுக்குப் பின்னே இக்குன்றின் கல்வி நிற்கிறது என்பது பலரும் மறந்துவிட்ட செய்தி.

இத்தலத்துப் பார்சுவநாதரே அப்பாண்டைநாதர். பிற்காலச் சோழர் காலக் கல்வெட்டுகளில் அவர் 'அப்பாண்டார்' எனக் குறிக்கப்பெறுகிறார். அப்பாண்டார், அப்பாண்டை என்னும் இரண்டனுள் முன்னதே பழைய வடிவம் எனக் கொள்ளலாம்.

பெயரின் பொருளுக்கு வருவோம். அப்பன், ஆண்டார் என்னும் இரண்டு எளிய தமிழ்ச் சொற்களின் கூட்டு இது. அப்பன் என்பது தந்தை. ஆண்டார் என்பது ஆளுதல் என்னும் வினையடியாகப் பிறந்த உயர்வுப் பெயர். ஆண்டவன், ஆண்டான், ஆண்டாள் என்பன இதன் உடன்பிறப்புகள். சைவத்தில் நம்பியாண்டார் நம்பியும், வைணவத்தில் ஆண்டாளும் முதலியாண்டானும் போலச் சமணத்தில் அப்பாண்டார். மூன்று சமயத்தாரும் ஒரே சொற்களஞ்சியத்திலிருந்து எடுத்தே தத்தம் பெரியோரை அழைத்தனர்.

அப்பன் + ஆண்டார் என்பது 'அப்பனாண்டார்' என்றன்றோ புணர வேண்டும் எனத் தமிழ் பயின்றோர் வினவக்கூடும். இயற்பெயர்கள் தம்முள் புணரும்போது 'அன்' ஈறு கெடுதல் தமிழுக்குப் புதிதன்று. ஆதன் என்பதோடு தந்தை என்னும் முறைப்பெயர் சேர்ந்து ஆந்தை என்றும், பூதன் என்பதோடு சேர்ந்து பூந்தை என்றும் ஆவதற்குத் தொல்காப்பியமே விதி கூறுகிறது. அப்பா என்னும் விளியே பெயராக நின்று ஆண்டாரோடு இணைந்தது எனக் கொள்ளினும் இழுக்கில்லை. மக்கள் நாவில் இரண்டு ஆகாரம் ஒன்றாவது இயல்பு. திருநாவுக்கரசருக்கு அப்பர் என்னும் பெயர் உண்மையால், அவர் முதலில் சமணத் துறவியாயிருந்த வரலாற்றோடு இப்பெயரை முடிச்சிட வேண்டுவதில்லை. தந்தையைக் குறிக்கும் பொதுச்சொல் எவர்க்கும் உரியது. எனினும், அவர் வரலாறு பெயர் ஆராய்வோர்க்கு ஒரு பாடம். மருணீக்கியாராகப் பிறந்து, தருமசேனராகத் துறவு பூண்டு, திருநாவுக்கரசராக மீண்டு, அப்பராக நிலைபெற்றவர் அவர். இவ்வட்டாரத்தை அடுத்த திருவாமூரில் பிறந்தவர். ஒரே வாழ்வில் சமயம் மாறுந்தோறும் பெயர் மாறியதற்கு அவரினும் சிறந்த சான்று தமிழ்நாட்டில் இல்லை.

ஆண்டார் என்பது ஆண்டை எனத் திரிந்ததும் கவனிக்கத்தக்கது. இலக்கியத் தமிழில் ஆண்டை என்பதற்கு அவ்விடம் என்றும் ஒரு பொருள் உண்டு. ஈண்டை என்பது இவ்விடம். அப்பொருள் ஈண்டு வேண்டப்படாதது. தலைவன், உடையவன் என்னும் பொருளில் வழங்கும் ஆண்டையே இப்பெயரில் உள்ளது. அதன்மேல் நாதன் என்னும் வடசொல்லும் ஏறியது. ஆண்டை என்றாலும் நாதன் என்றாலும் பொருள் ஒன்றே. இலக்கணத்தார் இதனை ஒருபொருட்பன்மொழி என்று கூறி அமைதி காண்பர். ஆண்டை என்பதன் பொருள் மங்கி, அப்பாண்டை என்பது முழுமையாக ஒரு பெயர்ச்சொல்லாக உறைந்த பின்னரே அதனோடு நாதன் ஒட்டியிருக்க வேண்டும்.

இப்பெயரின் தனித்தன்மையைப் பிற தலங்களின் பெயர்களோடு ஒப்பிட்டால்தான் உணரலாகும். திருப்பருத்திக்குன்றத்து வர்த்தமானர் திரைலோக்கியநாதர். போளூரை அடுத்த திருமலையில் நேமிநாதர் சிகாமணிநாதர். மேல்சித்தாமூர்ப் பார்சுவநாதர் சிம்மபுரிநாதர். தீபங்குடி ஆதிநாதர் தீபநாயகர். இவையெல்லாம் வடமொழிச் சொற்களால் அமைந்த அழகிய பெயர்கள்; கற்றோர் வைத்தவை என்பது கேட்ட அளவிலே விளங்கும். அப்பாண்டையோ வீட்டிலும் வயலிலும் வழங்கிய சொற்களால் ஆனது. தந்தையையும் உடையவரையும் அழைப்பதுபோல மக்கள் அழைத்த அழைப்பே திருப்பெயராக நிலைத்துவிட்டது. காசி மன்னன் மகனாகப் பிறந்து, 30-ஆம் அகவையில் அரசுரிமையைத் துறந்து, சம்மேத சிகரத்தில் வீடுபேறு அடைந்தவர் பார்சுவநாதர். நாடாள மறுத்து நீங்கியவரை இக்குன்றின் மக்கள் 'ஆண்டார்' என்றனர். அதுவும் போதாதென்று, அவர்மேல் 'அப்பாண்டைநாதர் உலா' என ஓர் உலாவும் பாடப்பெற்றது. விருப்பு வெறுப்பற்ற வீதராகருக்கு, மகளிர் காதலுறுவதைப் பாடும் உலா இலக்கியம் பொருந்துமா என்னும் வினா எழக்கூடும். தம் ஊரின் தலைவரை வீதிக்கு வரவழைத்துப் பார்க்கும் ஆசை தமிழருக்குச் சமயம் கடந்தது என்பதே அதற்கு விடை.

சமண நூல்கள் பெயரிடுதலுக்கு வகுத்த முறை வேறு. 9-ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணம், இல்லறத்தார் வாழ்வில் நிகழ வேண்டிய 53 கிரியைகளைக் கூறுகிறது. கருவுறுதல் தொடங்கி முத்தி ஈறாக அவை தொடர்கின்றன. அவற்றுள் ஒன்று நாமகருமம். குழந்தை பிறந்து 12 நாள் கடந்தபின், பெற்றோர்க்கும் மகவுக்கும் நலந்தரும் நாளில் பெயரிட வேண்டும். ஜினபகவானுக்குரிய 1008 திருநாமங்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, அவற்றுள் ஒன்றை எடுத்துச் சூட்டலாம் என்கிறது அந்நூல். கடபத்திர விதி என்பது இம்முறையின் பெயர். கடம் என்றால் குடம். பத்திரம் என்றால் ஓலை. உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகளால் தமிழர் நன்கறிந்த குடவோலை என்பதும் இதே சொல்லமைப்பே. அங்கு ஊர் வாரியத்துக்கு ஆள் தெரிந்தெடுக்க ஓலை. இங்குக் குழந்தைக்குப் பெயர் தெரிந்தெடுக்க ஓலை. பெற்றோர் தம் விருப்பையோ செல்வரின் விருப்பையோ திணிக்காமல், ஆயிரத்தெட்டுள் எது வரினும் ஏற்கும் மனநிலை இதில் உண்டு. எழுத்தெண்ணிப் பெயர் வைக்கும் இன்றைய எண்கணிதத்தினும் இது எவ்வளவோ மேல்.

அந்த 1008 நாமங்களும் வடமொழியில் அமைந்தவை. அவற்றுள் அப்பாண்டை இல்லை, இருக்கவும் இயலாது. ஆயினும் தமிழ்ச் சமணர் ஓலைக்குடத்தில் இல்லாத அப்பெயரைத் தம் மக்கட்குத் தலைமுறை தலைமுறையாகச் சூட்டினர். நூல் தந்த ஆயிரத்தெட்டுக்கு மேலாகக் குன்று தந்த ஆயிரத்தொன்பதாவது நாமம் என்று இதனைச் சொல்லலாம்.

இவ்வாறு மக்கள் வைத்த பெயர் நூல்வழக்கை மேற்கொள்ளுதல் சமண உலகில் வேறிடங்களிலும் நிகழ்ந்ததுண்டு. சிரவணபெளகொளவில் சாவுண்டராயர் எழுப்பிய 57 அடி உயரப் பாகுபலி திருவுருவம் கோமடேசுவரர் எனப்படுகிறது. கோமடன் என்பது சாவுண்டராயருக்கே வழங்கிய செல்லப்பெயர் என்றும், கோமடன் போற்றிய ஈசுவரர் ஆதலின் அப்பெயர் வந்தது என்றும் ஆய்வாளர் விளக்குவர். அங்கு மனிதன் பெயர் பகவானுக்கு ஆயிற்று. இங்குப் பகவான் பெயர் மனிதர்க்கு ஆயிற்று. சம்மேத சிகரம் அமைந்த ஜார்க்கண்டில் பார்சுவநாதர் என்பது மக்கள் வாயில் பாரஸ்நாத் எனத் தேய்ந்து, மலைக்கே அது பெயராகிவிட்டது. பீகார், உத்தரப்பிரதேசப் பகுதிகளில் சமணர் அல்லாதாரும் அப்பெயரைத் தம் மக்களுக்கு இடுகின்றனர். பாரஸ்நாத் சமயம் கடந்து பரவியது. அப்பாண்டை ஒரு சிறு சமூகத்துக்குள்ளேயே நின்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலுள்ள சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து குடியேறியோரும் அதில் அடங்குவர். இத்துணைச் சிறிய சமூகத்தில், சில நூறு குடும்பங்கள் சூட்டாமல் விட்டாலே ஒரு பெயர் கண்ணெதிரே குறைந்துபோகும்.

இனி இப்பெயர் வாழ்ந்த முறையைக் காண்போம். பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். தந்தைவழிப் பாட்டன் பெயரைத் தலைமகனுக்கு இடும் வழக்கம் தமிழர்க்குப் பொது. தமிழ்ச் சமணர்க்கும் அதுவே. ஆதலின் ஒரு குடும்பத்தில் அப்பாண்டை புகுந்துவிட்டால், ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் அது மீண்டும் வரும். அப்பாண்டை மகன் தரணேந்திரன், தரணேந்திரன் மகன் அப்பாண்டை என்றவாறு வரிசை சுழலும். தரணேந்திரன் பார்சுவநாதருக்குக் குடையாக நின்ற நாகராசன். பத்மாவதி அவன் துணைவி. கமடன் பொழிவித்த பெருமழையினின்று பகவானைக் காத்த அவ்விருவர் பெயரும் அப்பாண்டையோடு ஒரே இல்லத்தில் வழங்கியதில் வியப்பில்லை. ஒரு குடும்பத்துப் பெயர்களைச் சேர்த்துப் படித்தால் திருநறுங்கொண்டைப் பாறைச் சிற்பம் முழுமையாகத் தோன்றும்.

சுழற்சிக்கு ஓர் இடையூறும் இருந்தது. மாமனார் பெயரை மருமகள் சொல்லலாகாது என்பது அக்கால ஒழுக்கம். பேரனுக்கு அதே பெயர் இருக்கும்போது, பெற்ற தாயே தன் மகனைப் பெயர் சொல்லி அழைக்க இயலாது. பெரியவன், தம்பி, ராஜா என்று வேறு பெயரால் அழைப்பாள். இவ்வாறு பத்திரத்தில் ஒரு பெயரும் வாயில் ஒரு பெயருமாகப் பலர் வாழ்ந்தனர். அப்பாண்டை என்பது மதிக்கத்தக்க பெயராகவும், அதே காரணத்தால் நாவில் புழங்காத பெயராகவும் ஆயிற்று. அதன் வாழ்வு குன்றியதற்கு முதல் விதை இதுவே எனலாம். கூப்பிடப்படாத பெயர் உறவின் இனிமையை இழந்து முதுமையின் அடையாளமாகிவிடுகிறது.

அடுத்து உதிர்ந்தது நயினார். நயினார் என்பதும் தலைவர் என்னும் பொருளதே. தமிழ்ச் சமணர்க்கு மட்டுமன்றித் தமிழ் முஸ்லிம்களிடையிலும், இவ்வட்டாரத்து உடையார் குலத்தார் சிலரிடையிலும் அது வழங்குகிறது. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின் சாதிப்பட்டம் இடுவதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. அதன் பின்னர்த் தமிழ்நாடு முழுவதும் பட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. திருக்குறளை ஆங்கிலத்தில் ஆக்கிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் போன்ற மூத்தோர் பட்டத்தோடே நின்றனர். அடுத்த தலைமுறை அதனை விட்டது. அது நன்மையே. ஆனால் நயினார் நீங்கியதும் அப்பாண்டை தனித்து நிற்க இயலாமல் நாதனையும், பின்னர் ராஜனையும் துணைக்கொண்டது. ராஜன் ராஜ் ஆயிற்று. அலுவலகத்தில் முன்பாதி சுருங்கி முதலெழுத்தாகி, ஏ. ராஜன் என்றும் ஏ. ராஜ் என்றும் எஞ்சியது. எவர்க்கும் இருக்கக்கூடிய ராஜன் தங்கி, இவர்க்கே உரிய அப்பாண்டை மறைந்தது.

ஆண்டை என்னும் சொல்லுக்கு நேர்ந்ததையும் கருத வேண்டும். தென்னார்க்காடு, தஞ்சைப் பகுதிகளில் பண்ணையில் உழைத்தோர் நிலவுடையாரை விளித்த சொல் ஆண்டை. கைகட்டி, குனிந்து நின்று சொல்லப்பட்ட சொல் அது. கல்வெட்டுக் காலத்தில் பகவானுக்குரிய உயர்மொழியாக இருந்தது, 20-ஆம் நூற்றாண்டில் உழவுத் தொழிலாளர் உரிமை கேட்டு நிமிர்ந்தபோது அடிமைத்தனத்தின் எதிரொலியாகக் கேட்டது. ஆண்டான் அடிமை என்னும் இணைச்சொல் எவ்வாறு வெறுக்கப்பட்டது என்பதை யாவரும் அறிவர். தமிழ்ச் சமணருள் பலர் நிலவுடைமையாளராகவே வாழ்ந்தவர். மகனை அப்பாண்டை என அழைக்கத் தயங்கிய படித்த தந்தையர்க்கு இக்கூச்சமும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம். தயக்கம் நேர்மையானதே. ஆயினும் அப்பெயரில் ஆண்டையாக நிற்பவர் ஓர் ஏக்கர் நிலமும் இல்லாத, ஆடையையும் துறந்த முனிவர் என்பதை எண்ணியிருந்தால் கூச்சம் குறைந்திருக்கும்.

1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் இப்பெயர்க்குக் கைகொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். சங்க இலக்கியத்து அரசர் பெயர்களும் அறப்பெயர்களும் வீடுதோறும் ஒலித்தன. சமண மரபுக்குரிய பெயர்களும் அவ்வெள்ளத்தில் மிதந்து வந்தன. இளங்கோ என்பது எல்லாச் சமயத்தார்க்கும் விருப்பப் பெயராயிற்று. கண்ணகி பரவினாள், அவளுக்கு வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியின் பெயரை மகளுக்கு இட்டவரைத் தேட வேண்டியிருக்கிறது. சீவகன் மீண்டதற்கு அச்சுப்பொறியே காரணம். சுடுகாட்டில் பிறந்த மகவு தும்மியபோது 'சீவ' என வாழ்த்தொலி எழ, அதுவே பெயராகியது என்பது சிந்தாமணி கூறும் கதை. நெடிது வாழ்க என்பது அதன் பொருள். கும்பகோணத்துச் சமண அன்பர்களின் துணையோடு உ.வே. சாமிநாதையர் 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார். நான்காண்டில், 1891-இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தில் பாண்டிய மன்னனுக்கே சீவகன் என்று பெயர். ஏட்டிலிருந்த பெயரை அச்சுநூல் தமிழுலகம் முழுவதற்கும் நினைவூட்டியது.

அப்பாண்டைக்கு அத்தகைய காவியம் வாய்க்கவில்லை. நாதன், ராஜன் என்னும் ஒட்டுகளால் அது வடமொழிப் பெயராகத் தோன்றித் தனித்தமிழார் பார்வைக்குத் தப்பியது. சமணரோ அதனைத் தமிழ்ப் பெயர் என்று எண்ணிப் பாராமல் கோயிற்பெயராகவே கண்டனர். தூய தமிழ்ச் சொற்கள் இரண்டால் ஆன பெயர், தமிழ்ப் பெயர் தேடிய காலத்திலேயே கைவிடப்பட்டது ஒரு முரண்.

1981-இல் சிரவணபெளகொளவில் ஆயிரமாவது ஆண்டு மகாமஸ்தகாபிஷேகம் நடந்தது. அனைத்திந்தியச் சமண உலகோடு தமிழ்ச் சமணர்க்கு இருந்த உறவு இத்தகைய விழாக்களால் நெருக்கமுற்றது. தொழில், கல்வி நிமித்தம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் வடநாட்டுச் சமணரோடு ஒரே ஆலயத்தில் தொழுதன. 2014-இல் மைய அரசு சமணரைத் தேசியச் சிறுபான்மையினராக அறிவித்தபின், சமண அடையாளம் சான்றிதழ்களிலும் இடம்பெறத் தொடங்கியது. பெயர்களும் அதற்கேற்ப மாறின. விருஷபன், இடபன் என வழங்கியது ரிஷப் ஆயிற்று. வர்த்தமானன் ஈறு இழந்து வர்த்தமான் ஆயிற்று. அரிஹந்த், ஜினேஷ் என்பன புதிதாக வந்தன. இவையும் புனிதப் பெயர்களே. இவற்றைச் சூட்டுவதில் குறை காண இடமில்லை. இப்பெயர் தாங்கிய பிள்ளை தில்லியிலோ மும்பையிலோ சமணன் என உடனே அறியப்படுவான். தமிழ்ச் சமணன் என அறியப்படமாட்டான். வடசொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைவிப்பதற்கு விரிவான விதி வகுத்த நன்னூலார் பவணந்தி முனிவர் சமணர். அவர் வழிவந்தோர் பிள்ளைகளுக்கு இன்று கிரந்த எழுத்தின்றிப் பெயர் எழுத இயலவில்லை.

பாகுபலிக்கு நேர்ந்தது வேறு வகை. தமிழ்ச் சமணரிடம் முன்பே இருந்த அப்பெயர், 2015-இல் வந்த திரைப்படத்தால் எல்லார்க்கும் தெரிந்த பெயராயிற்று. படத்தின் கதைக்கும், வென்ற நாட்டை அண்ணனுக்கே விட்டுத் தவம் புகுந்த பாகுபலிக்கும் தொடர்பில்லை. பெயர் பரவியது, பொருள் பரவவில்லை. அரியணைக்காகப் போரிடும் வீரனே இன்று அப்பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் மனத்தில் எழுகிறான்.

அப்பாண்டை இன்னும் முற்றும் மறையவில்லை. அது தங்கியிருக்கும் இடம் முதலெழுத்து. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் இடுவது தமிழர் வழக்கம். அம்முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் எனத் தமிழ்நாட்டரசு 2021-இல் அறிவுறுத்தியது. ஏ. என ஆங்கில ஒலியில் எழுதப்பெற்றது இன்று பள்ளிப் பதிவேடுகளில் அ. என எழுதப்பெறுகிறது. அப்பாண்டைராஜன் மகன் ரிஷப், அ. ரிஷப். பழைய வழக்கப்படி ரிஷப்பின் மகன் பாட்டன் பெயரைப் பெற்று மீண்டும் அப்பாண்டை ஆவான். புதிய வழக்கப்படி அவனுக்கு வேறொரு பெயர் சூட்டப்படும். அதற்கு முன் ரி. என்னும் எழுத்து நிற்கும்.